புளி வியாபாரியும் கிராம வங்கியும்



தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சாலைகளில், அகலப்படுத்தும் வேலைக்குத் தப்பி இன்னும் நின்றுகொண்டிருக்கிற புளியமரங்களை உங்களில் பலர் நிழலுக்காக மட்டுமே அறிந்திருப்பீர்கள். ஆனால் காய் பழுப்பதற்கு முன்பே அம்மரங்களை ஏலத்தில் குத்தகை எடுத்து, மாசி முதல் சித்திரை வரை ஆள் வைத்து உலுக்கி, ஓடு நீக்கி, வீடு வீடாகப் பெண்களுக்குக் கூலிக்குக் கொடுத்துக் கொட்டை தட்டி நார் உரித்து, பிறகு ஆண்டு முழுவதும் மளிகைக் கடைகளுக்கும் மசாலா ஆலைகளுக்கும் அனுப்பி வைக்கிற வியாபாரிகள் சிலருக்கு அவையே வயலும் ஆலையும் ஆகின்றன. கொட்டையைக்கூட அவர்கள் எறிந்துவிடுவதில்லை. நூலுக்குக் கஞ்சி போடுவதற்காக அதை மாவாக அரைப்பவர்கள் விலைக்கு வாங்கிக்கொள்கிறார்கள். இத்தகைய வியாபாரி ஒருவர் கிராம வங்கியின் படியேறினால் அவருக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்கவேண்டும் என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம். சிறுதொழிலுக்கு வங்கி உதவுவதைப் பற்றிப் பொதுப்படப் பேசினால் எல்லோரும் தலையசைப்போம். புளியை வைத்துக்கொண்டு பேசினால், எங்கே தலையசைக்க முடியவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

அவருடைய ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கணக்குச் சொல்வதற்காக நான் வைத்துக்கொண்ட தொகையேயன்றி வேறில்லை. மரக்குத்தகைக்குத் தையிலேயே பணம் கட்டியாக வேண்டும். உலுக்குகிறவர்களுக்கும் கொட்டை தட்டுகிறவர்களுக்கும் அன்றன்றைக்குக் கூலி எண்ணிக் கொடுக்க வேண்டும். தம் வீட்டுக் கொல்லை மரத்துப் புளியை மூட்டை கட்டிக்கொண்டு வரும் குடியானவரிடம் ‘பணம் ஆடியில் தருகிறேன்’ என்று சொன்னால், அவர் மூட்டையைத் திரும்பத் தோளில் ஏற்றிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆக, ஓராண்டு வியாபாரத்துக்கு வேண்டிய சரக்கில் பெரும்பகுதியை ஏறக்குறைய நூறு நாளுக்குள் ரொக்கத்துக்கு வாங்கியாக வேண்டும். விற்ற பணமோ, கடைக்காரர்களின் சௌகரியத்தைப் பொறுத்து, எஞ்சிய மாதங்களில் சிறுகச் சிறுகத்தான் திரும்பி வரும். வெளியே போகிற பணத்துக்கும் உள்ளே வருகிற பணத்துக்கும் நடுவே இருக்கிற இந்த நீண்ட இடைவெளியைக் கடப்பதற்கு ஒருவர் கைகொடுக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர் இவரை முதல் இல்லாதவர் என்று நினைக்கக்கூடும். ஆனால் ஆவணி மாதத்தில் வந்து பார்த்தால் இவருடைய கிடங்கிலே பல லட்சம் ரூபாய் மூட்டையாக அடுக்கியிருக்கும். முதல் இருக்கிறது, வேண்டிய மாசி மாதத்தில் அது கையில் இல்லை.

அந்த மாசி மாதத்தில் கைகொடுப்பவர் பெரும்பாலும் மண்டிக்காரர். அவர் விண்ணப்பம் கேட்பதில்லை, வரி ரசீது கேட்பதில்லை, இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாலும் ‘காலையில் பையனை அனுப்பு’ என்று சொல்லிவிடுவார். ஏனெனில் இந்த வியாபாரியின் தகப்பனாரையும் அவருக்குத் தெரியும், இந்த ஆண்டு எந்தச் சாலையில் எத்தனை மரம் காய்த்திருக்கிறது என்பதும் தெரியும். ஆனால் அந்தப் பணத்தோடு ஒரு நிபந்தனை சொல்லாமலே வந்து சேருகிறது: சரக்கு அவருடைய மண்டிக்குத்தான் போகவேண்டும், அங்கே தராசும் அவருடையது, விலையும் அவருடையது, தரகும் அவருடையது. வட்டி என்று அவர் வாங்குவது சொற்பமாகக்கூட இருக்கலாம். விலையில் அவர் எடுத்துக்கொள்வதைக் கணக்கில் சேர்த்தால்தான் அந்தக் கடனின் உண்மையான வட்டி விளங்கும்.

இந்தப் புளி வியாபாரியைவிடச் சிறிய வியாபாரிகளுக்குத் தண்டல்காரர் இருக்கிறார். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு நூறு ரூபாயாக நூறு நாளில் வசூலித்துக்கொள்வது அவருடைய சாதாரணமான முறை. ‘ஆயிரம் ரூபாய்தானே பிடித்தார்’ என்று கடைக்காரர் சமாதானம் அடைகிறார். ஆனால் அசல் தினந்தோறும் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக அவர் கையில் நின்ற தொகை நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேற்படாது. அந்தத் தொகைக்கு நூறு நாளில் ஆயிரம் என்றால், ஆண்டுக்கு 80 சதவிகிதத்தை எட்டுகிறது. 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் கொண்டுவரப்பட்ட சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே தடை செய்திருக்கிறது. என்றாலும், விடியற்காலையில் காய்கறி எடுக்கக் கிளம்புகிறவளுக்குச் சந்தை வாசலிலேயே பணம் கொடுப்பவர் வேறொருவர் தோன்றுகிற வரையில், சட்டப் புத்தகம் ஒன்றால் மட்டும் தண்டல்காரரை விரட்டிவிட முடியாது.

மண்டிக்காரரிடமும் தண்டல்காரரிடமும் உள்ள பலம் அவர்களுடைய பணம் என்று நாம் எண்ணுகிறோம். பணம் ஒரு பங்குதான். கடன் வாங்குகிறவரின் தொழிலைப் பற்றிய பிரத்தியட்ச ஞானமே பெரும்பங்கு. அந்த ஞானத்தை அவர்கள் பிடியாக மாற்றிக்கொள்கிறார்கள். பிடியை விட்டுவிட்டு ஞானத்தை மட்டும் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு ஸ்தாபனம் கிராமத்தில் உண்டானால் அதுவே சிறுதொழிலின் வங்கி. கிராம வங்கியை இந்த ஓர் அளவுகோலைக் கொண்டுதான் நான் மதிப்பிடப் போகிறேன்.

இந்த எண்ணம் நமக்குப் புதியதுமல்ல. சென்னை ராஜதானியில் சிவில் உத்தியோகஸ்தராயிருந்த ஃபிரடரிக் நிக்கல்சன், ஐரோப்பிய நாடுகளின் கிராம நாணய ஏற்பாடுகளை ஆராய்ந்து 1895இலும் 1897இலும் இரு பாகங்களாக அறிக்கை சமர்ப்பித்தார். அவர் மனத்தை ஆட்கொண்டவர், ஜெர்மனியில் கிராமத் தலைவராயிருந்து ஏழைக் குடியானவர்களுக்குக் கடன் சங்கம் கண்ட ரைஃபைசன். ரைஃபைசனுடைய சங்கத்தின் சூட்சுமம் அதன் எல்லை குறுகியதாயிருந்ததுதான். ஒருவரையொருவர் அறிந்தவர்கள் வாழ்கிற ஒரு கிராம வட்டாரத்துக்கு அப்பால் அது போகலாகாது. உறுப்பினர் ஒருவர் கடனைத் திருப்பாவிட்டால் மற்ற உறுப்பினர் எல்லோரும் தங்கள் சொத்து முழுவதையும் கொண்டு பொறுப்பேற்க வேண்டும். அப்படிப்பட்ட பொறுப்பைத் தலையில் சுமக்கிறவன், பக்கத்து வீட்டுக்காரன் கடன் வாங்கிய பணத்தில் மாடு வாங்கினானா, மணி விழாக் கொண்டாடினானா என்று பார்த்துக்கொண்டே இருப்பான் அல்லவா? 1904ஆம் ஆண்டின் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் இந்தச் சிந்தனையின் விளைவு. அவ்வாண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் ஒரு கிராமச் சங்கமும் காஞ்சிபுரத்தில் ஒரு நகரச் சங்கமும் தோன்றிவிட்டன.

தோன்றியதென்னவோ உண்மை, பரவியதுதான் போதவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1951–52இல் அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வை நடத்திய கொர்வாலா கமிட்டியார் கண்ட கணக்கு, விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது 3.1 சதவிகிதம், வர்த்தக வங்கிகள் கொடுத்தது 0.9 சதவிகிதம், லேவாதேவிக்காரர்கள் கொடுத்தது ஏறக்குறைய 70 சதவிகிதம் என்பது. குடியானவருடைய கதியே இதுவானால், அவரை அண்டிப் பிழைத்த செக்குக்காரர், தறிக்காரர், கொல்லர், புளி வியாபாரி ஆகியோரின் கதியைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1969 ஜூலையில் 14 பெரிய வங்கிகள் தேசிய உடைமையாயின. கிளைகள் கிராமங்களுக்கு வந்தன. ஆனால் நகரத்து வங்கியின் உத்தியோகஸ்தர் கிராமத்துக்கு வந்தபோது நகரத்துச் சம்பளத்தையும் நகரத்துப் படிவத்தையும் கூடவே கொண்டுவந்தார்; கூட்டுறவுச் சங்கத்துக்கோ ஊர் தெரியும், ஆனால் கணக்கும் கட்டுப்பாடும் பல இடங்களில் கைகூடவில்லை. ஒன்றின் உள்ளூர் அறிமுகத்தையும் மற்றதன் நிர்வாக ஒழுங்கையும் ஒருங்கே சேர்த்துப் பார்க்கலாம் என்று நரசிம்மம் தலைமையிலான குழு 1975இல் சொல்ல, அவ்வாண்டு செப்டம்பரில் அவசரச் சட்டம் பிறந்து, அக்டோபர் 2ஆம் தேதி, காந்தி ஜயந்தியன்று, முதல் ஐந்து வட்டாரக் கிராம வங்கிகள் வடநாட்டில் திறக்கப்பட்டன. மூலதனத்தில் மத்திய அரசுக்கு 50 பங்கு, மாநில அரசுக்கு 15, ஆதரவளிக்கும் பெரிய வங்கிக்கு 35 என்பது ஏற்பாடு.

நம் பக்கத்தில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் ஆதரவில் 1977இல் பாண்டியன் கிராம வங்கி தெற்கே உதயமாயிற்று. பிறகு இந்தியன் வங்கியின் ஆதரவில் தர்மபுரியில் அதியமான் கிராம வங்கியும், கடலூரில் வள்ளலார் கிராம வங்கியும் வந்தன. இவ்விரண்டும் 2006இல் பல்லவன் கிராம வங்கியாக இணைந்தன. 2019 ஏப்ரல் முதல் தேதியன்று பல்லவனும் பாண்டியனும் ஒன்றாகி, சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கியாயின. அதியமான், வள்ளலார் என்று, கொடுத்ததைத் திருப்பிக் கேட்டறியாதவர்களின் திருநாமங்களை, கொடுத்ததைத் தவணை தவறாமல் திருப்பிக் கேட்டே தீரவேண்டிய ஸ்தாபனங்களுக்குச் சூட்டிய அதிகாரி யாரோ, அவர் நிச்சயம் ரசிகர். ஆனால் அந்தப் பெயர்களைச் சிலர் நிஜமென்றே நம்பிவிட்டார்கள் என்று எண்ணும்படியாகவும் சில காலம் காரியங்கள் நடந்தன.

ஆரம்பத்தில் இந்த வங்கிகள் நலிந்த பிரிவினருக்கு மட்டுமே கடன் கொடுக்கலாம் என்பது விதி. சிறு குறு விவசாயி, விவசாயத் தொழிலாளி, கைவினைஞர், மிகச் சிறிய வியாபாரி இவர்களைத் தவிர மற்றவருக்குக் கதவு அடைப்பு. நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் குறைந்த வட்டிக்குச் சிறிய சிறிய கடனாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பேரேட்டுப் பக்கம் எழுதி, ஒவ்வொருவர் வீட்டுக்கும் சைக்கிளில் போய் வசூலித்து வருகிற வங்கிக்குச் செலவு ஏறாமல் என்ன செய்யும்? கிராம வங்கி ஊழியருக்கு மாநில அரசு ஊழியரை ஒத்த சம்பளம் என்றிருந்த ஏற்பாடு, 1990இல் ஓபுல் ரெட்டி தீர்ப்பாயத்தின் முடிவால் மாறி, வர்த்தக வங்கி ஊழியருக்குச் சமமான சம்பளமாயிற்று. ஒரே வேலை செய்கிறவர்களுக்கு ஒரே ஊதியம் என்ற நியாயத்தை யாரும் மறுக்க முடியாது. மறுக்க முடியாத அந்த நியாயம் வங்கியின் செலவுக் கணக்கைத் தலைகீழாக்கிற்று என்பதையும் மறுக்க முடியாது. அதே 1990இல் பத்தாயிரம் ரூபாய் வரையிலான கிராமக் கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. ஏற்கெனவே மானியத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட கடன்களில், கறவை மாட்டுக்கென்று வாங்கியவர் மானியத்தை மட்டும் கண்டு மாட்டைக் காணாமல் போன கதைகள் வழங்கி வந்தன. இந்த நிவாரணத்தால் ஒழுங்காகக் கட்டியவர் ஏமாந்தவரானார். கிராம வங்கிகளிற் பல நஷ்டத்தில் மூழ்கின. 1990களின் நடுவில் புதிய மூலதனம் போட்டு, எல்லாத் தரப்பினருக்கும் கடன் கொடுக்க அனுமதித்து அவற்றைக் கரையேற்ற வேண்டியதாயிற்று. நம் புளி வியாபாரியைப் போன்ற நடுத்தரத் தொழில் செய்கிறவர், மிக ஏழையுமல்லாமல் பெரிய முதலாளியுமல்லாமல் நடுவே நின்றவர், கிராம வங்கியின் வாசலுக்குள் மரியாதையோடு நுழைந்தது அதற்குப் பிறகுதான்.

நுழைந்தவருக்கு என்ன கொடுப்பது? இயந்திரம் வாங்குவதற்கான கடனில் பெரிய சிக்கல் இல்லை. இயந்திரத்துக்கு விலைப்பட்டியல் உண்டு, அதைக் கண்ணால் பார்க்கலாம், ஐந்து ஆண்டுத் தவணை போட்டுவிடலாம். நடைமுறை மூலதனம்தான் சங்கடமானது. அதற்கு ஒரு சுலபமான கணக்கை 1992இல் நாயக் கமிட்டியார் வகுத்துத் தந்தார்கள். எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் கால் பங்கு நடைமுறை மூலதனமாக வேண்டியிருக்கும். அதில் விற்பனையின் 5 சதவிகிதத்தைத் தொழில் செய்பவர் போடட்டும், 20 சதவிகிதத்தை வங்கி கொடுக்கட்டும் என்பது அந்தக் கணக்கு. ஆண்டுக்கு நாலு முறை பணம் சுற்றி வருகிற தொழிலுக்கு, அதாவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரக்குப் பணமாகிவிடும் தொழிலுக்கு, இது பொருத்தமானது. சிறுதொழிலுக்குக் கடன் அளவைக் குறைத்துக் குறைத்துக் கொடுத்துவந்த வங்கிகளை இந்தக் கணக்கு நிச்சயம் திருத்தியது. அந்தக் கமிட்டியாருக்கு நாம் நன்றி செலுத்த வேண்டும்.

ஆனால் புளி வியாபாரிக்கு இதைப் போட்டுப் பாருங்கள். 40 லட்சம் விற்பனைக்கு வங்கி கொடுப்பது 8 லட்சம். அவருக்கு மாசி, பங்குனி, சித்திரையில் சரக்கு எடுக்க 25 லட்சத்துக்குக் குறையாமல் தேவை. அவருடைய சொந்தப் பணம், பழைய பாக்கி வசூல் எல்லாம் சேர்த்தாலும் மிச்சத்துக்கு மண்டிக்காரரைத்தான் நாட வேண்டும். நாடியவுடன் தராசு மண்டிக்காரர் கைக்குப் போய்விடும். வங்கி கொடுத்த 8 லட்சம் மண்டிக்காரருடைய பாரத்தைக் குறைத்ததேயன்றி வியாபாரியின் விலங்கைத் தளர்த்தவில்லை. ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலைப் படித்தவர்கள் அந்த 20 சதவிகிதம் குறைந்தபட்சம் என்பதையும், உற்பத்திச் சுழற்சி நீண்ட தொழிலுக்கு அதன் தேவையைத் தனியே மதிப்பிட்டுக் கூடுதலாகக் கொடுக்க இடமிருக்கிறது என்பதையும் அறிவார்கள். தரையாக இட்டதைக் கூரையாக்கிக் கொண்டது நடைமுறை. அதற்குக் காரணம் மேலாளரின் கல்நெஞ்சம் என்று நான் சொல்லமாட்டேன். 20 சதவிகிதம் என்று போட்டால் தணிக்கையாளர் கேள்வி கேட்கமாட்டார்; 60 சதவிகிதம் என்று போட்டால், புளி எப்போது பழுக்கும் என்பதிலிருந்து அவருக்குப் பாடம் சொல்ல வேண்டும்.

அந்தப் பாடத்தைச் சொல்லத் தெரிந்த உத்தியோகஸ்தர் கிராம வங்கியில்தான் இருக்க முடியும். பட்டாசுக்கு ஆண்டெல்லாம் உற்பத்தியும் ஒரு தீபாவளி விற்பனையும். நாட்காட்டி அச்சிடுகிற சிவகாசி அச்சகத்துக்கு ஆண்டின் கடைசி மாதங்களில் மூச்சுவிட நேரமில்லை. ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளி வருகிற பருவத்தில் கிழங்குக்காரருக்கு ரொக்கம் வேண்டும். இவையெல்லாம் மும்பையில் இருக்கிற கணிப்பொறிக்குச் சொல்லித்தர முடியாதவை அல்ல; ஆனால் யாராவது முதலில் தெரிந்துகொண்டுதானே சொல்லித்தர வேண்டும்?

ஜவ்வரிசி என்றதும் சேலத்துக்காரர்களுக்கு ஸேகோசர்வ் நினைவு வந்திருக்கும். கிழங்குப் பருவத்தில் வாங்கிய கடனுக்காகச் சரக்கை வியாபாரிகள் கேட்ட விலைக்கு விட்டுக்கொடுத்த ஆலைக்காரர்கள் 1981இல் அந்தக் கூட்டுறவுச் சங்கத்தைக் கண்டார்கள். ஆலையில் செய்த ஜவ்வரிசியையும் ஸ்டார்ச்சையும் சங்கத்தின் கிடங்கில் வைத்துவிட்டு, அதன்மேல் முன்பணம் பெற்றுக்கொண்டு, ஏலத்திலே விலை வந்தபோது விற்கிற வழி அதனால் திறந்தது. கவனியுங்கள்: அங்கே கடனுக்கு ஈடு வீட்டுப் பத்திரமல்ல, மனைவியின் தாலிக்கொடியுமல்ல; விற்கப்போகிற சரக்கே ஈடு. புளிக்கும் இது இயலாத காரியமல்ல. குளிர்பதனக் கிடங்கில் வைத்த புளி கறுக்காமல் நிறம் காக்கும். கிடங்கு ரசீதை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுக்க 2007ஆம் ஆண்டின் கிடங்குச் சட்டம் இடம் தருகிறது. விலை சரியும் அபாயம் உண்டு, மறுப்பதற்கில்லை. புளியமரம் ஓராண்டு காய்த்துக் கொட்டி மறு ஆண்டு ஓய்ந்துவிடும் இயல்புடையது. ஆகையால் சரக்கு மதிப்பில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுக் கொடுப்பதே விவேகம். எத்தனை பங்கு என்பதை, நான்கு மண்டிகளில் ஐந்தாண்டு விலையை எழுதி வைத்திருக்கிற கிளை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடும்.

இப்போது சற்று மனம் கசக்கிற ஒரு விஷயத்துக்கு வருகிறேன். நம் மாநிலத்தில் கிராம வங்கிக் கிளை எதற்குள் நுழைந்தாலும் கூட்டம் நிற்பது நகைக்கடன் மேஜையின் முன்னால்தான். மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைத்துப் பார்த்து, எடை போட்டு, சீட்டு எழுதிக் கொடுக்க, அரைமணியில் பணம் கைக்கு வந்துவிடுகிறது. விதை வாங்கவும் பள்ளிக் கட்டணம் கட்டவும் வருகிறவர்களோடு, தையற்கடைக்குத் துணி எடுக்கவும் இட்டிலிக் கடைக்கு மாவரைக்கும் இயந்திரம் வாங்கவும் வருகிறவர்களும் அந்த வரிசையிலேயே நிற்கிறார்கள். தண்டல்காரரிடம் போவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். நகைக்கடனைப் பழிக்கிறவர்கள் பண அவசரம் அறியாதவர்கள். ஆனால் பத்து ஆண்டுகள் அதே வளையலை அடகு வைத்து, மீட்டு, மீண்டும் வைத்துத் தம் கடையை வளர்த்த ஓர் அம்மையாரைப் பற்றி வங்கிக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வளையலின் எடையும் மாற்றும்தான். அவருக்குக் கடை இருக்கிறதா, அது வளர்ந்ததா, தேய்ந்ததா என்று ஒரு வரியும் ஏட்டில் ஏறவில்லை. பதினோராவது ஆண்டில் அவர் 6 லட்சத்துக்கு ஒரு பெரிய அடுப்பும் வண்டியும் வாங்க விரும்பினால், வங்கியின் முன் அவர் நேற்று முளைத்தவராகவே நிற்பார். வங்கிக்கு நகைக்கடனில் அபாயம் இல்லை, ஆதாயம் உண்டு. ஆகவே தொழிலை அறிந்துகொள்ளும் சிரமத்தை அது மெல்ல மறந்துபோகிறது. கிராம வங்கிக்கு வாராக்கடனைவிட நான் அஞ்சுவது இந்தச் சுகமான மறதியைத்தான்.

சுய உதவிக் குழுக்களைப் பற்றி இந்த மண்ணில் அதிகம் விரிக்க வேண்டாம்; 1989இல் தர்மபுரியிலேதான் மகளிர் குழுத் திட்டம் வேர்விட்டது, 1992இல் நபார்டு குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று, கிராம வங்கிகள் அதை முன்னின்று நடத்தின. கடனைத் திருப்பிச் செலுத்துவதில் ஏழைப் பெண்களின் நாணயத்தை ஐயுற்றவர்களின் வாயை அது அடைத்துவிட்டது. ஒரு குறை மட்டும் சொல்வேன். குழுவுக்கு வந்த கடனைப் பன்னிரண்டு பேரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதே பெரும்பாலும் வழக்கம். கொட்டை தட்டுகிற கூலிவேலையை விட்டுத் தானே புளி வாங்கி விற்கத் துணிந்த ஒருத்திக்கும், கடனே வேண்டாமென்று இருந்த மற்றொருத்திக்கும் ஒரே தொகை. துணிந்தவளைக் குழுவிலிருந்து தனிக்கடனுக்கு ஏற்றிவிடும் படிக்கட்டு கிளையிலே இருக்கவேண்டும். 2015இல் வந்தபோது முத்ரா திட்டம் ஐம்பதினாயிரம் வரை, ஐந்து லட்சம் வரை, பத்து லட்சம் வரை என்று மூன்று படி வகுத்தது. 10 லட்சம் வரையிலான சிறுதொழில் கடனுக்கு ஈடு கேட்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2010இலேயே பணித்தது. கடன் மூழ்கினால் பெரும்பகுதியை ஈடுசெய்ய 2000இல் தொடங்கிய உத்தரவாத நிதியும் உண்டு. இவ்வளவும் இருந்தும், ‘பத்திரம் ஏதாவது இருக்கிறதா அம்மா?’ என்ற கேள்வி முற்றிலும் ஓய்ந்தபாடில்லை. கேட்கிற மேலாளரைக் கேட்டால், ‘உத்தரவாத நிதியிடம் பணம் கேட்டு எழுதுகிறபோது என் கடன் மூழ்கிப்போனது என்று நானே எழுதிக் கொடுக்கவேண்டுமே’ என்பார். அவருடைய பயமும் அர்த்தமுள்ள பயம்தான்.

அறிமுகத்தையே நான் இத்தனை நேரம் புகழ்ந்துகொண்டிருப்பதில் ஓர் ஆட்சேபம் உங்களில் சிலருக்கு எழுந்திருக்கும், எழாவிட்டால் எழவேண்டும். ஊரை அறிந்தவருக்கு ஊரின் சாதியும் தெரியும். சேரியிலிருந்து வருகிற ஒருத்தியைக் கிளையில் இருப்பவர் ‘நன்றாகத் தெரிந்திருப்பதே’ அவளுக்குக் கடன் கிடைக்காமற் போவதற்குக் காரணமாகலாம். அங்கே முகம் பார்க்காத விதியும் படிவமும்தான் அவளுக்குத் துணை. ஆதலால் நான் வேண்டுகிற ஞானம் ஆளைப் பற்றியதாகத் தொடங்கித் தொழிலைப் பற்றியதாக முடியவேண்டும்; அது மேலாளரின் மனத்தில் இராமல் ஏட்டில் இருக்கவேண்டும். மூன்று ஆண்டுக்கொருமுறை மேலாளர் மாற்றலாகிப் போகிறார். போகிறபோது தாம் அறிந்ததையெல்லாம் பெட்டியோடு எடுத்துக்கொண்டு போகிறார். அடுத்தவர் புளிக்கு மாசியும் பங்குனியும் என்ன உறவு என்பதை முதலிலிருந்து கற்கவேண்டியிருக்கிறது.

1987இல் நாடெங்கும் 196 ஆக இருந்த வட்டாரக் கிராம வங்கிகள், 2005 முதல் இணைப்புக்கு மேல் இணைப்பாக நடந்து, மாநிலத்துக்கு ஒன்று என்னும் கொள்கைப்படி 2025 மே மாதத்தில் 28 ஆயின. மூலதனம் பெருகும், கணிப்பொறிச் செலவு குறையும், ஒரு மாவட்டத்தில் மழை பொய்த்தால் இன்னொரு மாவட்டம் தாங்கும். இவையெல்லாம் மெய்யான நன்மைகள், வங்கி பெரிதாவதை நான் குறைகூறவில்லை. ஆனால் கடன் அனுமதிக்கும் அதிகாரம் கிளையிலிருந்து வட்டார அலுவலகத்துக்கும் அங்கிருந்து தலைமையகத்துக்கும் மேலேறிப் போகிற ஒவ்வொரு படியிலும், புளிமூட்டையைத் தொட்டுப் பார்த்தவருக்கும் கையெழுத்துப் போடுகிறவருக்கும் இடையே தூரம் கூடுகிறது. அந்தத் தூரத்தைத் தாண்டி வருவது எண்கள் மட்டுமே. இன்று தேநீர்க்கடையில்கூடச் சுவரில் மாட்டிய சிறு பெட்டி ஒவ்வொரு வாடிக்கையாளரின் பணம் வந்ததையும் கூவி அறிவிக்கிறது. அந்த வரவெல்லாம் கணக்கில் ஏறுவதால், ஈடு இல்லாதவரின் நாணயத்தை அறிய முன்னில்லாத சாட்சியம் இப்போது கிடைக்கிறது. அது பெரும் வசதியே. ஆயினும், மாசியில் கணக்கு வறண்டு கிடப்பதைக் கண்டு ‘வியாபாரம் நொடித்தது’ என்று அந்த எண்கள் சொன்னால், ‘இல்லை, சரக்கு எடுத்திருக்கிறார்’ என்று மறுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

ஆகவே, ஒவ்வொரு கிளையும் தன் வட்டாரத்துத் தொழில்களுக்கு ஒரு பருவ ஏடு வைத்திருக்கவேண்டும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். எந்தத் தொழிலில் பணம் எந்த மாதத்தில் வெளியே போகிறது, எந்த மாதத்தில் திரும்புகிறது, தவணையை எந்த மாதங்களில் வைத்தால் கட்டமுடியும், சென்ற ஆண்டுகளில் சரக்கு விலை என்ன என்று எழுதிய ஏடு. புளி வியாபாரியின் விண்ணப்பத்தைக் கார்த்திகையில் வாங்கி, மார்கழிக்குள் அனுமதித்து, குத்தகை ஏலத்துக்கு முன் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, முதல் தவணையை ஆவணிக்குத் தள்ளி வைப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. இருக்கிற விதிகளே போதும். இந்த ஏட்டை எழுதுவதற்குக் கிளையில் ஆள் போதாது என்று வங்கி நண்பர்கள் சொல்வார்கள். நகைக்கடன் மேஜையில் இருப்பவர்களில் ஒருவரை, வாரத்தில் ஒரு நாள், மண்டிக்கு அனுப்பட்டும்.